உலோகப் பிசிறு: தோன்றும் விதமும் தடுக்கும் முறையும்

உலோகத் துண்டு ஒன்றைக் கடைந்தோ துளைத்தோ முடித்தபின், அதன் விளிம்பில் கூரிய செதிள்போல் ஒட்டி நிற்கும் மிச்ச உலோகமே பிசிறு எனப்படும். 2022ஆம் ஆண்டில் தனித்தனி மாவட்டங்களாகப் பிரிந்த சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் உலோக வேலை பலவகைப்படும். கிணற்றுப் பம்புகளையும் கரும்பு ஆலைகளையும் செப்பனிடும் சிறு பட்டறைகள் ஒருபுறம். திருப்பதியில் இரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பெரிய பட்டறை மறுபுறம். வேலையின் அளவு வேறாயினும், பிசிறு இரண்டிற்கும் பொதுவாகும்.

பிசிறு சிறிதாயினும் அதன் தீங்கு சிறிதன்று. பம்புத் தண்டின் சாவிக்காடியில் பிசிறு எஞ்சினால் கப்பி நேராக அமராது. தண்டு அதிர்ந்து பேரிங்கு தேயும். பிரேக்கு வால்வு போன்ற நுண்ணிய உறுப்பினுள் உதிர்ந்த பிசிறு சிக்கினால் வழி அடைபடும். கைவிரலை அறுப்பதும் அதுவே.

தோன்றும் விதம்

வெட்டுளி உலோகத்தைக் கத்தரித்துச் சீவலாக்குகிறது. உளி விளிம்பை நெருங்கும்போது முன்னிருக்கும் உலோகம் மெலிந்து, தாங்கும் வலிமையை இழக்கிறது. அப்போது அது வெட்டுப்படாமல் வெளிப்புறமாக மடிந்துவிடுகிறது. துளையிடும்போது அடிப்புறத்தில் பிசிறு மிகுவதற்குக் காரணம் இதுவே. வளைந்துகொடுக்கும் இயல்புடைய மெல்லெஃகு, செம்பு, அலுமினியம் ஆகியவற்றில் பிசிறு மிகும். நொறுங்கும் இயல்புடைய வார்ப்பிரும்பிலோ, விளிம்பே உடைந்து உதிர்வதுண்டு.

நான்கு வகைகள்

அமெரிக்கப் பொறியியலாளர் கில்லெஸ்பியும் பிளாட்டரும் 1976இல் வெளியிட்ட ஆய்வுரையில் பிசிறுகள் நான்காக வகுக்கப்பட்டன. உளியின் அழுத்தத்தால் பக்கவாட்டில் பிதுங்குவது ஒன்று. வெட்டு முடியுமிடத்தில் சீவல் மடிந்து நிற்பது இரண்டு. சீவல் கிழிந்து பிரிவதால் எஞ்சுவது மூன்று. துண்டு முழுதும் அறுபடுமுன் தன் எடையால் ஒடிந்து விழும்போது எஞ்சும் முனை நான்கு.

தடுக்கும் முறை

பிசிற்றைத் தொழிலாளியின் கவனக்குறைவு என்று மட்டும் கருதி, அரத்தால் தேய்த்து நீக்குவதே வழக்கம். எனினும் அதன் வேர் வெட்டும் முறையிலேயே உள்ளது. ஆகவே, உளியைக் கூராக வைத்தல் முதற்கடமை. மழுங்கிய உளி வெட்டுவதைவிட மிகுதியாக அழுத்துகிறது. துளைப்பான் வெளிப்படும் தறுவாயில் அழுத்தத்தைக் குறைத்தல் வேண்டும். அடியில் தாங்குதகடு ஒன்றை இடைவெளியின்றி இறுக்கிப் பொருத்துதல் நன்று. வெட்டு முடியும் விளிம்பை முன்னதாகவே சாய்வாகச் சீவிவைத்தாலும் பிசிறு குறையும்.

வகுப்பில் செய்து காட்ட

ஒரே பருமனுள்ள இரு மெல்லெஃகுத் தகடுகளை எடுத்து, ஒன்றைத் தாங்குதகட்டின் மீதும் மற்றதை அடியில் தாங்கலின்றியும் இறுக்கிப் பிடித்து, ஒரே துளைப்பானால் துளையிடுக. அடிப்புறங்களை ஒப்பிட்டால் மாணவர் வேறுபாட்டைக் கண்ணாரக் காண்பர். அடுத்து வார்ப்பிரும்புத் துண்டு ஒன்றைத் துளைத்து அதன் விளிம்பையும் நோக்கச் செய்யலாம்.

சோதிக்குமுன் பொறியை நிறுத்தல் வேண்டும். விளிம்பை விரலால் தடவலாகாது. சிறு குச்சியில் சுற்றிய பஞ்சை ஓட்டினால், பிசிறு உள்ள இடத்தில் இழை சிக்கி நிற்கும். சீவல்களை வாயால் ஊதாது தூரிகையால் அகற்றுக. ஊதினால் அவை கண்ணில் தெறிக்கக்கூடும். எஞ்சிய பிசிற்றை அரத்தாலோ, துளையாயின் அகன்ற கூம்புத் துளைப்பானாலோ நீக்கிய பின்னரே உறுப்பைப் பொருத்துதல் முறையாகும்.