தாம்பரத்திலிருந்து நடந்தே போகிறவர்களுக்கு

ஆகஸ்ட் பாதி தாண்டினால் ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் காவி உடை தென்பட ஆரம்பித்துவிடும். வேளாங்கண்ணியில் 29ஆம் தேதி கொடியேற்றம், செப்டம்பர் 8 பெருவிழா. திண்டிவனம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், காரைக்கால் வழியாகத் தாம்பரத்திலிருந்து சுமார் 300 கிலோமீட்டர். குழுவாகப் போனால் பத்துப் பன்னிரண்டு நாள். மேல்மருவத்தூருக்குச் செவ்வாடை கட்டி நடப்பவர்களும் உண்டு. அது சுமார் 65 கிலோமீட்டர், மூன்று நாளில் நிதானமாக முடிக்கலாம்.

இங்கிலாந்தில் லீவு போட்டுவிட்டு இப்படி நாள்கணக்கில் நடப்பது ஒரு பொழுதுபோக்கு. 1965இல் திறந்த பென்னைன் வே என்ற பாதை மட்டுமே 268 மைல், அதாவது சுமார் 430 கிலோமீட்டர். ஆனால் அங்கே மேய்ச்சல் நிலமும் குன்றும் குளிரும். நமக்குத் தார் ரோடு, வெயில், லாரி. அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் யோசனைகளில் பாதி இங்கே உதவாது. நமக்கு வேண்டியவை கீழே. பெரும்பாலும் கிளம்புவதற்கு முன்பே வீட்டில் முடிக்க வேண்டியவைதான்.

1. முதல் இரண்டு நாளுக்குக் குறைவாகவே திட்டம் போடுங்கள். உற்சாகத்தில் முதல் நாளே முப்பது கிலோமீட்டர் தாண்டி செங்கல்பட்டு போய் விழுகிறவர்கள், மூன்றாம் நாள் நொண்டுவார்கள். முதல் நாள் மறைமலை நகர் அல்லது சிங்கப்பெருமாள் கோவிலோடு நிறுத்திக்கொள்ளலாம். மறுநாள் செங்கல்பட்டு தாண்டி, பாலாறு கடந்து படாளம் பக்கம். பாதம் பழகிய பிறகு ஒரு நாளைக்கு 25, 30 என்று ஏற்றலாம்.

இந்த வழியில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்கொளத்தூர், மறைமலை நகர் என்று ரயில் தண்டவாளம் சாலையை ஒட்டியே வருகிறது. முடியாமல் போனவரை அடுத்த ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏற்றித் தாம்பரத்துக்கு அனுப்பிவிடலாம். செங்கல்பட்டுக்கு அப்புறம் ரயில்கள் குறைவு. அதனால் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் செங்கல்பட்டிலேயே ஒரு தடவை பாதத்தைப் பார்த்து, தொடர்வதா திரும்புவதா என்று முடிவெடுத்துவிடுவது நல்லது.

2. பயிற்சி நடை இரண்டு மாதம் முன்பே தொடங்கட்டும். சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலையில் நாலு சுற்று வருவது ஆரம்பத்துக்குச் சரி. அது போதாது, சமதளத்தில் காலை ஆறு மணிக்கு நடப்பவருக்கு பத்து மணி வெயில் பழகியிருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரை போய்வாருங்கள், யாத்திரைக்குக் கொண்டுபோகும் அதே செருப்பு, அதே பையோடு. திருநீர்மலைப் படி ஏறி இறங்கினால் முழங்கால் எப்படி என்று தெரிந்துவிடும். ஒரே நாளில் இருபது கிலோமீட்டர் நடந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயம் இருக்கிறது. மேடவாக்கம், வேளச்சேரி வழியாகக் கிட்டத்தட்ட அந்தத் தூரம்தான் வரும்.

3. புது ஷூ வேண்டவே வேண்டாம். வாங்குவதானால் இரண்டு மாதம் முன்பு, சாயங்கால நேரத்தில், பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, சாக்ஸ் போட்டுக்கொண்டு போட்டுப் பார்த்து வாங்குங்கள். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். விலை உயர்ந்ததா என்பது முக்கியமில்லை, குதிகால் ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். கூடவே, பின்வார் உள்ள ஒரு ரப்பர் செருப்பு; பாதம் வீங்கிவிட்டால் அதுதான் கைகொடுக்கும். ஹவாய் செருப்பில் நீண்ட தூரம் நடந்தால் விரல்கள் அதைப் பிடித்துப் பிடித்தே கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும்.

4. கால் நகத்தைக் கிளம்பும் அன்று வெட்டாதீர்கள். மூன்று நாலு நாள் முன்பு, ஓரங்களை வளைக்காமல் நேராக வெட்டுங்கள். பித்தவெடிப்பு இருந்தால் தினமும் ராத்திரி கால் கழுவித் துடைத்து, வாசலின் தடவி சாக்ஸ் போட்டுப் படுங்கள். இரண்டு வாரத்தில் மிருதுவாகும். வெடிப்போடு நடக்கப் போனால் தார்ச் சூட்டில் அது ஆழமாகப் பிளக்கும்.

5. கொப்புளம். இந்தப் பயணத்தில் பாதிப் பேரை நிறுத்துவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

கொப்புளம் வருமுன் அந்த இடம் சூடாக, குறுகுறுவென்று இருக்கும். அடுத்த நிழலில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல் அங்கேயே உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றுங்கள். ஈரத்தைத் துடையுங்கள், மணல் இருந்தால் தட்டுங்கள், அந்த இடத்தில் மருத்துவ டேப்பைச் சுருக்கம் இல்லாமல் ஒட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. சுருக்கம் விழுந்தால் அந்தச் சுருக்கமே அடுத்த கொப்புளத்தை உண்டாக்கும், அதனால் ஓரங்களை வட்டமாகக் கத்தரித்து ஒட்டுங்கள்.

வந்தே விட்டதா? சின்னதாக இருந்தால் உடைக்காமல் மூடிவிடுங்கள். நடக்கவே முடியாத அளவு பெரிதாக இருந்தால், சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் சின்னதாக ஒரு துளை போட்டு நீரை வடித்து, மருந்து தடவி, கட்டுப் போடுங்கள். மேல்தோலை உரிக்கவே கூடாது. அதைவிட நல்ல பிளாஸ்திரி கடையில் கிடையாது. நூல் கோத்த ஊசியைக் குத்தி நூலை உள்ளேயே விட்டுவிடும் வழக்கம் பல குழுக்களில் இருக்கிறது. சீழ் பிடிக்க அது நல்ல வழி, தவிர்த்துவிடுங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் கொப்புளத்தைத் தாங்களே குத்தக் கூடாது, வழியில் எந்த அரசு மருத்துவமனையிலும் காட்டலாம்.

சாக்ஸ் பருத்தியில் வேண்டாம், வேர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய சிந்தெடிக் சாக்ஸ் மூன்று ஜோடி, மதியம் ஒரு தடவை மாற்ற.

6. வெறுங்காலோடு நேர்ந்துகொண்டவர்களிடம் செருப்புப் போடுங்கள் என்று சொல்லிப் பயனில்லை. ஆனால் நேரத்தைத் தேர்ந்தெடுப்பது அவர்கள் கையில் இருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பி ஒன்பது, ஒன்பதரைக்கு நிறுத்திவிட வேண்டும். மறுபடி நாலரைக்கு மேல். புறங்கையைத் தார் மேல் ஐந்து நொடி வைத்துப் பாருங்கள். கை தாங்கவில்லை என்றால் பாதமும் தாங்காது. சூடு ஏறிய நேரத்தில் ரோட்டோர வெள்ளைக் கோடு கொஞ்சம் குளிர்ச்சி என்று அதன் மேலேயே வரிசையாக நடப்பவர்களைப் பார்க்கலாம். குளிர்ச்சி உண்மைதான், ஆனால் அந்தக் கோட்டுக்கு அடுத்த பக்கம் லாரி. சர்வீஸ் ரோடு இருக்கும் இடங்களில் மட்டும் செய்யுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்கால் நேர்ச்சை வைக்கவே கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தியதும் தெரியாது, சுட்டதும் தெரியாது.

7. தொடை உரசல் யாரும் வெளியே சொல்லாத தொல்லை. வேட்டி கட்டி நடக்கும் ஆண்களுக்கும் புடவைப் பெண்களுக்கும் இரண்டாம் நாளே வந்துவிடும். உள்ளே முழங்கால் வரை வரும் இறுக்கமான சைக்கிள் ஷார்ட்ஸ் போட்டால் போதும். கிளம்பும்போது தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின். பவுடர் வேண்டாம், வேர்வையில் உருண்டு மணல் போல அறுக்கும்.

8. சாப்பாட்டில் கலந்த சாதத்தைவிட கலக்காத பொருள்கள்தான் நீண்ட வழிக்கு நல்லது. புளிக்காய்ச்சலை நல்லெண்ணெய் மேலே மிதந்து நிற்கும் அளவு சுண்டக் காய்ச்சி, வெயிலில் காயவைத்த பாட்டிலில் ஊற்றி வையுங்கள். ஈரக் கரண்டி படாவிட்டால் பயணம் முழுக்கக் கெடாது. நிறுத்தத்தில் சாதம் வடித்ததும் கிளறிவிடலாம். பருப்புப் பொடி, ஊறுகாய், சுட்ட அப்பளம் கூட இருந்தால் சமையல்காரருக்குப் பாதி வேலை குறையும்.

முதல் நாளுக்கு மிளகாய்ப்பொடி இட்லி. இட்லியை நன்றாக ஆறவிட்டு, பொடியையும் நல்லெண்ணெயையும் குழைத்து இரண்டு பக்கமும் தடவி, வாட்டிய வாழையிலையில் கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் வேர்த்துப் பிசுபிசுக்கும். தேங்காய்ச் சட்னி வேண்டாம். தயிர்சாதம் வேண்டுமென்றால் குழைந்த சாதத்தில் காய்ச்சி ஆறிய பால் நிறைய, தயிர் ஒரே ஒரு ஸ்பூன். மதியத்துக்குள் புளிக்காமல் தோய்ந்திருக்கும்.

வழியில் அன்னதானம் கொடுப்பவர்கள் அன்போடுதான் கொடுக்கிறார்கள். ஆனால் நெய் மிதக்கும் வெண்பொங்கலை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு எழுந்து நடந்தவர் யார்? பாதி வயிறு போதும். இலையையும் தட்டையும் ரோட்டோரம் வீசாமல் வர உங்கள் குழு ஒரு சாக்குப் பை எடுத்துப்போகட்டும். யாத்திரைக் கூட்டம் போன தடம் தட்டுகளை வைத்துத் தெரிவது நமக்கு அழகில்லை.

9. தண்ணீரைத் தாகம் எடுக்கும்வரை தள்ளிப்போடாமல், கொஞ்சம் கொஞ்சமாக. வெறும் தண்ணீர் மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தாலும் தலைசுற்றல் வரும், உப்பு வேர்வையில் போயிருக்கும். உப்புப் போட்ட மோர், இல்லாவிட்டால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லாத இடத்தில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவைக் கூட்டக் கூடாது. சிறுநீர் மஞ்சளாக அடர்ந்து போனால் குடித்தது போதவில்லை என்று அர்த்தம். வேர்வை நின்று, பேச்சுத் தடுமாறி, உடம்பு நெருப்பாகச் சுட்டால் அது ஹீட் ஸ்ட்ரோக்: நிழலில் படுக்கவைத்து உடம்பெல்லாம் நனைத்து, விசிறிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள்.

10. தோள் பையில் தண்ணீர், துண்டு, மருந்து, கைபேசி மட்டும். மற்றது கூட வரும் குட்டியானை வண்டியில். எல்லாருடைய மூட்டையும் ஒரே மாதிரி காவியாக இருக்கும். கைப்பிடியில் வேறு வேறு நிறத் துணியைக் கட்டிவிட்டால் இருட்டில் தேட வேண்டாம். துணிகளைத் தனித்தனி பிளாஸ்டிக் பையில் போட்டு மூட்டை கட்டுங்கள். ஆகஸ்ட் சாயங்காலம் சென்னைப் பக்கம் இடி மழை சொல்லாமல் வரும்.

11. இருட்டில் நடப்பவர்கள் முதுகில் ஒளிரும் டேப். ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும், சட்டையின் முதுகிலும் பையிலும் தைத்துவிடுங்கள். குழுவின் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் டார்ச்சோடு. நடைபாதை இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி வலது ஓரம் நடக்கச் சொல்கிறது பிரிட்டிஷ் சாலை விதி. இந்த ஒன்று நமக்கும் அப்படியே பொருந்தும். நடுவில் தடுப்பு உள்ள ஜி.எஸ்.டி. சாலையில் அதைச் செய்ய வேண்டுமென்றால் சென்னை நோக்கி வரும் வண்டிகளின் ஓரத்தில் நடக்க வேண்டும். போலீசார் வேறு பக்கம் போகச் சொன்னால் அவர்கள் சொல்வதே சரி. செங்கல்பட்டைத் தாண்டிய பாலாற்றுப் பாலத்தில் ஒதுங்க இடம் குறைவு. பகல் வெளிச்சத்தில், ஒற்றை வரிசையில், பாட்டு நிறுத்தி, காதில் ஒன்றும் மாட்டாமல் கடந்துவிடுங்கள்.

12. பெண்கள் இருக்கும் குழு, இரவு தங்கும் இடத்தைக் கழிப்பறை பார்த்து முடிவு செய்ய வேண்டும். கல்யாண மண்டபம், ஆலய வளாகம், பள்ளிக்கூடம் எதுவானாலும் முன்கூட்டிப் போனில் பேசி, கழிப்பறை பூட்டியிருக்காது என்று உறுதி வாங்குங்கள். வழியில் பெட்ரோல் பங்குகளும் பரனூர் சுங்கச்சாவடியும் உதவும். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் நடப்பது பெண்களிடம் அதிகம். சிறுநீர்க் கடுப்பு அப்படித்தான் வருகிறது. மாதவிலக்கு நாள் குறுக்கே வந்தாலும் யாத்திரையை விட வேண்டியதில்லை, மேல்மருவத்தூரில் அந்த நாளிலும் பெண்கள் கருவறை வரை போகலாம். மாத்திரை போட்டுத் தள்ளிவைப்பதானால் மருத்துவரைக் கேட்டு மட்டும்.

13. மருந்துப் பையில் தினசரி மாத்திரைகள் நாள் கணக்குக்கு மேல் இரண்டு நாள் கூடுதலாக. வலி மாத்திரையை வெறும் வயிற்றிலோ தண்ணீர் குறைந்த உடம்பிலோ போடாதீர்கள், வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல். நடக்க நடக்கச் சர்க்கரை இறங்கும். இன்சுலின் அளவை மாற்ற வேண்டுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். இன்சுலினை வண்டியின் முன்கண்ணாடிப் பக்கம் வைக்கக் கூடாது. பெயர், ரத்த வகை, வீட்டு எண் எழுதிய அட்டை ஒவ்வொருவர் பையிலும்.

14. வீட்டுப் பால், பேப்பர் நிறுத்தம், சிலிண்டர், மெயின் சுவிட்ச், பக்கத்து வீட்டில் ஒரு சாவி.

15. திரும்பும் டிக்கெட்டைக் கிளம்புவதற்கு முன்பே எடுங்கள். செப்டம்பர் 8க்குப் பிறகு நாகப்பட்டினத்திலிருந்து வடக்கே வரும் பஸ், ரயில் எதிலும் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம், சிறப்புப் பேருந்து விட்டாலும். பஸ் பெரும்பாலும் கிளாம்பாக்கத்தோடு நிற்கும், அங்கிருந்து தாம்பரத்துக்கு மாநகரப் பேருந்து. வீட்டுக்கு வந்ததும் உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் பாதத்தை வையுங்கள். சூட்டை முழங்கையால் பார்த்த பிறகுதான். மறுநாள் முழுக்கப் படுத்துவிடாமல் தெருக்கோடி வரையாவது போய்வந்தால் கெண்டைக்கால் இறுகாது. தண்ணீர் வடித்த கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து வலி கூடினால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.