அடக்குதல் என்னும் சொல்

“அவர் முன்னிலையில் அழாமல் அடக்கிக்கொள்கிறோம்” என்று நோயாளரின் உறவினர் பலர் எம்மிடம் கூறுவதுண்டு. இவ்வாறு அடக்குவதை ஆங்கிலத்தில் ‘சப்ரஸ்’ என்பர். இலத்தீன் மொழியில் ‘சப்’ என்பது கீழே. ‘பிரெமெரே’ என்பது அழுத்துதல். கீழே அழுத்தி வைத்தலே இச்சொல்லின் பொருள். நாம் நாள்தோறும் கேட்கும் ‘பிரஷர்’, மனச்சோர்வைக் குறிக்கும் ‘டிப்ரெஷன்’ ஆகியவையும் இதே வேரில் கிளைத்தவை.

இதற்கு உடன்பிறப்பாக ‘ரிப்ரஸ்’ என்றொரு சொல் உண்டு. உளவியலார் இரண்டையும் வேறுபடுத்துவர். அறிந்தே அடக்குவது முன்னது. தாமே அறியாமல் உள்ளத்தின் ஆழத்திற்குத் தள்ளிவிடுவது பின்னது. பிராய்டு ஜெர்மன் மொழியில் விளக்கிய கருத்துக்கே ஆங்கிலத்தில் இப்பெயர் வாய்த்தது.

இருமலை அடக்கும் மருந்துக்கும் ‘சப்ரஸன்ட்’ என்றே பெயர். சளியோடு வரும் இருமலை மருத்துவரைக் கேளாமல் அடக்கலாகாது. (இருமலுக்குக் காட்டும் இந்தக் கவனத்தை அழுகைக்கு நாம் காட்டுவதில்லை.)

நோயாளர் உறங்கும்வரை கண்ணீரை அடக்குவது குற்றமன்று; அறிந்தே அடக்கியதைப் பின்னர் ஒருவரிடம் மனம்விட்டுப் பேச இயலும். ஆயினும், உறக்கமின்மையும் பசியின்மையும் 2 வாரங்களுக்கு மேல் நீடிக்குமாயின், நோயாளரைக் காண வரும் மருத்துவரிடம் உங்களைப் பற்றியும் கூறுங்கள்.