அடைமழையிலும் படம் அனுப்பும் கேமரா

கேள்வி: ஆற்றுப் பாலத்தில் ரேடார் நீர்மட்டக் கருவியும் டேட்டாலாகரும் வைத்திருக்கிறோம். அதோடு ஒரு கேமராவையும் இணைத்து, படங்களை அலுவலகத்திலிருந்தே பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். அவசியம் செய்யுங்கள். அடித்துவரும் ஆகாயத்தாமரை ரேடாருக்குக் கீழே தேங்கினால் நீர்மட்டம் ஏறியதாகவே கருவி காட்டும். அது வெள்ளமா, குப்பையா என்று படம்தான் சொல்லும். ஆனால் படம் மிகவும் தேவைப்படுகிற ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் சோலார் பேனலுக்கு வெயில் கிடைக்காது. செல்போன் சிக்னலும் தடுமாறும். எல்லாக் கணக்கையும் அந்த நாட்களை மனத்தில் வைத்தே போடுங்கள்.

மின்சாரம்: 12 வோல்ட்டில் 250 மில்லி ஆம்பியர் இழுக்கும் கேமரா நாள் முழுக்க ஓடினால் 6 ஆம்பியர்-மணி தீரும். மணிக்கு ஒரு நிமிடம் மட்டும் ஓடினால் 0.1 ஆம்பியர்-மணிதான். கேம்ப்பெல் சயின்டிஃபிக் நிறுவனத்தின் சிஆர்1000எக்ஸ் போன்ற லாகர்களில் ‘எஸ்டபிள்யூ12’ என்ற முனை உண்டு. புரோகிராம் கட்டளையிடும்போது மட்டுமே அதில் 12 வோல்ட் வரும். கேமராவுக்கான மின்சாரத்தை அதிலிருந்தே கொடுங்கள். அந்த முனை தாங்காத அளவுக்குக் கேமரா இழுத்தால் நடுவில் ரிலே போடுங்கள்.

படத்தின் அளவு: கேமரா ஆர்எஸ்-232 கேபிளில் பேசுமானால் வேகத்தைக் கவனியுங்கள். 9,600 பாடில் 100 கிலோபைட் படம் வந்துசேர ஒன்றே முக்கால் நிமிடம் ஆகும். 2 மெகாபைட் படத்துக்கு 35 நிமிடம். 115,200 பாடில் அதே சிறிய படம் 9 விநாடியில் வந்துவிடும். அளவுகோல் பலகையின் எண்கள் தெளிவாகத் தெரியும்படி லென்ஸை நெருக்கி வைத்தால் 640×480 போதும். பெரிய படம் கேமராவின் மெமரி கார்டிலேயே இருக்கட்டும். நேரில் போகும்போது எடுத்துக்கொள்ளலாம்.

புரோகிராம்: படம் வாங்கும் வேலையை முதன்மை ஸ்கேனில் வைக்காதீர்கள், ‘ஸ்லோ சீக்வென்ஸ்’ பகுதியில் வையுங்கள். ஸ்டேட்டஸ் அட்டவணையில் ‘ஸ்கிப்டு ஸ்கேன்’ எண் ஏறினால், படத்துக்காக அளவீட்டை இழக்கிறீர்கள் என்று பொருள். பேட்டரி 12 வோல்ட்டுக்குக் கீழே போனால் படத்தை நிறுத்திவிட்டு அளவீட்டைத் தொடரச் சொல்லுங்கள். நீர்மட்டம் அபாய அளவை நெருங்கினால் மணிக்கொரு படம் என்பதை 15 நிமிடத்துக்கொன்றாக மாற்றச் சொல்லுங்கள்.

அனுப்புதல்: சாதாரண சிம்முக்குப் பொது ஐபி முகவரி பெரும்பாலும் கிடைக்காது, வெளியிலிருந்து லாகரை அழைக்க முடியாது. ஆகவே லாகரே எஃப்டிபி வழியாக உங்கள் சர்வருக்குப் படத்தைத் தள்ளட்டும். சிக்னல் இல்லாதபோது படங்கள் லாகரின் நினைவகத்தில் காத்திருக்க இடம் ஒதுக்குங்கள். நிரம்பினால் பழையது அழியும்படி செய்யுங்கள். கோப்புப் பெயரில் லாகர் கடிகாரத்தின் தேதி, நேரம் இருக்கட்டும். அப்போதுதான் படத்தையும் நீர்மட்டத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

பராமரிப்பு: இரவுப் படத்துக்கான அகச்சிவப்பு விளக்கு பூச்சிகளை இழுக்கும்; பின்னாலேயே சிலந்தி வந்து லென்ஸின் குறுக்கே வலை பின்னிவிடும். ஒவ்வொரு முறை போகும்போதும் துடையுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. புரட்டாசி முடிவதற்குள் சோலார் பேனலின் ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் மட்டும் ஐந்து நாள் ஓட்டுங்கள். ஐந்தாம் நாளும் படம் வந்தால் நிலையத்தை நம்பலாம்; வராவிட்டால் பெரிய பேட்டரி வாங்க இன்னும் அவகாசம் இருக்கிறது.