சுண்டை வற்றல்: குழம்புக்கா, மருந்துக்கா?

சுண்டை வற்றல் இருவகை. மோரும் உப்பும் சேர்த்துக் காயவைத்தது ஒன்று. உப்பில்லாமல் காயவைத்தது மற்றொன்று. இதன் கசப்பு வயிற்றுப் பூச்சிக்கும் மந்தத்துக்கும் நல்லது என்பது வீட்டுப் பெரியவர்கள் கண்ட வழக்கம். வறுத்துப் பொடித்து, சுடுசோற்றில் நெய்விட்டுப் பிசைந்து உண்பார்கள். பிள்ளை பெற்றவர்களுக்கான அங்காயப் பொடியிலும் இது சேரும். சித்த மருத்துவத்தில் கழிச்சலுக்குச் சுண்டைவற்றல் சூரணம் உண்டு.

ஒருமுறை இரத்தக் கொதிப்புள்ள பெரியவர் ஒருவர் மருந்துக்கென்று வாங்க வந்தார். விசாரிக்காமல் உப்பு வற்றலை நிறுத்துக் கொடுத்துவிட்டோம். நாவில் உப்புப் பட்டதும் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தார். அன்று முதல் இரண்டுக்கும் தனி டப்பா, தனிச் சீட்டு.

வணிகர்களே, கேட்டு நிறுங்கள். கையில் குலுக்கினால் கலகலக்காத சரக்கை எடுக்காதீர்கள்; ஈரமிருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். நோய் நீடித்தால் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.