128 இறப்பு, 3 ஆயுதம்: ஒரு வரலாற்றுப் பாடவேளை

பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய உலகைப் பற்றி நடத்தும்போது வியட்நாம் போருக்கு ஒரு பாடவேளை ஒதுக்குவேன். பல ஆண்டுகள் அது வெறும் ஆண்டுகளும் பெயர்களுமாகவே கழிந்தது. ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள்: “சார், ஹெலிகாப்டர், குண்டு எல்லாம் அமெரிக்காகிட்டதான் இருந்துச்சு. பெரிய சண்டையில எல்லாம் அவங்கதான் ஜெயிச்சாங்கன்னு சொல்றீங்க. அப்புறம் எப்படித் தோத்தாங்க?”

“மக்கள் ஆதரவு இல்லை” என்று ஒரு வரியில் முடித்துவிட்டேன். அது தவறான விடை அல்ல. ஆனால் விளக்கமும் அல்ல. மறு ஆண்டு பாடத்தை மாற்றினேன்.

கரும்பலகையில் ஒரே கேள்வியை எழுதினேன்: போரில் வெற்றியை எதைக் கொண்டு அளப்பது? “எவ்வளவு இடம் பிடித்தோம் என்பதை வைத்து” என்றார்கள் பெரும்பாலோர். இரண்டாம் உலகப் போருக்கு அது பொருந்தும். தெற்கு வியட்நாமின் கிராமங்களிலோ பகலில் படை வந்து போகும். இரவில் ஊர் கெரில்லாக்களின் கைக்கு வந்துவிடும். வரைபடத்தில் போர்முனை என்று கோடு போட வழியில்லை.

1964 முதல் 1968 வரை அமெரிக்கப் படைக்குத் தலைமை வகித்த வெஸ்ட்மோர்லாந்து வேறு அளவுகோலை எடுத்தார். எதிரி புதிதாகச் சேர்க்கும் வீரர்களைவிட அதிகம் பேரைக் கொன்றுகொண்டே இருந்தால் ஒருநாள் எதிரி ஓய்ந்துபோவான் என்பது கணக்கு. பாதுகாப்பு அமைச்சர் மெக்நமாரா ஃபோர்டு கார் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர், எண்களை நம்புபவர். இவ்வாறு பிணக் கணக்கே முன்னேற்றத்தின் அடையாளமாயிற்று. ஹெலிகாப்டரில் இறங்கி, எதிரியைத் தேடி, அழித்துவிட்டுத் திரும்புவது வழக்கமான நடவடிக்கையானது.

இந்த இடத்தில் மாணவர்களைக் குழுக்களாக உட்கார வைத்து ஒரு துண்டுத்தாளைக் கொடுத்தேன். ‘1968 மார்ச் 16. எதிரி இறப்பு: 128. கைப்பற்றிய ஆயுதங்கள்: 3.’ நீங்கள் மேலதிகாரி, என்ன சொல்வீர்கள்?

நான்கு குழுக்கள் பாராட்டின. கடைசிக் குழுவில் ஒரு பையன் மட்டும், “128 பேரு மூணு ஆயுதத்த வச்சா சண்டை போட்டாங்க?” என்றான். வகுப்பு அமைதியாகிவிட்டது.

அது மை லாய் படுகொலை பற்றிய அறிக்கை. கொல்லப்பட்டவர்கள் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். வியட்நாமியர் கணக்கில் 504 பேர். ஹியூ தாம்சன் என்ற அமெரிக்க விமானி தம் ஹெலிகாப்டரைக் கிராமத்தினருக்கும் படையினருக்கும் நடுவே இறக்கிச் சிலரைக் காப்பாற்றினார். 1969 நவம்பரில்தான் உண்மை வெளியுலகுக்குத் தெரிந்தது. (படுகொலையின் புகைப்படங்களை நான் காட்டுவதில்லை. அந்த இரண்டு எண்களே போதும்.)

கெரில்லாத் தரப்பு குற்றமற்றது என்ற எண்ணமும் வரக்கூடாது. அதே ஆண்டு ஹுவே நகரைப் பிடித்தவர்கள் பொதுமக்கள் பலரைக் கொன்றதையும் சொன்னேன்.

பிறகு பழைய கேள்விக்கு வந்தோம். சண்டையை எப்போது தொடங்குவது, எப்போது விலகுவது என்பதைப் பெரும்பாலும் கெரில்லாக்களே முடிவு செய்தார்கள். ஆகவே எத்தனை பேரை இழப்பது என்பதும் பெருமளவு அவர்கள் கையிலேயே இருந்தது. 1965இல் இயா டிராங் பள்ளத்தாக்கில் அமெரிக்கா தன் இறப்பையும் எதிரியின் இறப்பையும் ஒப்பிட்டு மகிழ்ந்தது. வடக்கு வியட்நாம் வீரர்களோ, அமெரிக்கப் படையை ஒட்டி நின்று போரிட்டால் விமானங்கள் குண்டுபோடத் தயங்கும் என்று கற்றுக்கொண்டார்கள். 1967 ஜனவரியில் பென் சுக் கிராமத்தைக் காலிசெய்து புல்டோசரால் தரைமட்டமாக்கினார்கள். ஆளில்லாத அப்பகுதிக்குக் கெரில்லாக்கள் விரைவிலேயே திரும்பினார்கள். வீடிழந்தவர்கள் அகதி முகாமில் இருந்தார்கள்.

1968 ஜனவரி இறுதியில் வந்த டெட் தாக்குதலுக்கு நேரம் போதவில்லை, மணி அடித்துவிட்டது. வெளியேறும்போது அந்தப் பையன் கேட்டான்: “சார், பொய்யா எழுதினவர் மேல தப்பா, நம்பர் கேட்டுக்கிட்டே இருந்தவங்க மேல தப்பா?”

மறுநாள் வகுப்பை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கினேன்.