பாஸ்வேர்டு போட்டதும் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகுதா? ஃபார்மேட்டுக்கு முன்னாடி இதைப் பாருங்க

சென்டாக் விண்ணப்பத்துக்கு நாளைதான் கடைசி நாள். ஸ்கேன் செய்த மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றிதழும் வீட்டு கம்ப்யூட்டரில் இருக்கு. பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனதும் திரை கறுத்து, மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்குது. கருவடிக்குப்பம் ஆனாலும் காரைக்கால் ஆனாலும், "ஃபார்மேட் பண்ணிடலாம்" என்ற யோசனைதான் முதலில் வரும். அவசரப்படாதீங்க. ரீஸ்டார்ட் ஆவதால் மட்டும் கோப்புகள் அழிந்துவிடாது. ஃபார்மேட் செய்தால்தான் ஆபத்து.

உலகமே பார்த்த ரீஸ்டார்ட்

2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. நீலத்திரை வரும், ரீஸ்டார்ட் ஆகும், மறுபடி நீலத்திரை. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தீர்வு என்ன தெரியுமா? 'சேஃப் மோடு' வழியாக உள்ளே போய், அந்த ஒரு தவறான கோப்பை நீக்கியதுதான். பெரும்பாலும் எல்லாவற்றையும் அழிக்க வேண்டியிருக்கவில்லை. நம் வீட்டு கம்ப்யூட்டருக்கும் இதே பாடம்தான்.

லாகின் செய்ததும் ஏன்?

பாஸ்வேர்டு போட்ட பிறகுதான் நீங்கள் நிறுவிய பல செயலிகள் ஒன்றாக எழுந்து ஓட ஆரம்பிக்கும். வேலை கூடும்போது சூடும் மின்தேவையும் கூடும். அதனால் கோளாறு மென்பொருளிலும் இருக்கலாம், உள்ளே இருக்கும் பாகங்களிலும் இருக்கலாம். எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

செய்து பாருங்க

1. பென் டிரைவ், பிரிண்டர் எல்லாவற்றையும் கழற்றுங்க. கீபோர்டும் மவுஸும் போதும்.

2. லாகின் திரையின் கீழே வலது மூலையில் உள்ள பவர் குறியைத் தொட்டு, 'ஷிஃப்ட்' விசையை அழுத்தியபடியே 'ரீஸ்டார்ட்' கொடுங்க. பிறகு 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்', 'ரீஸ்டார்ட்' என வரிசையாகப் போங்க. வரும் பட்டியலில் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு.

3. சேஃப் மோடில் கம்ப்யூட்டர் அடங்கி நின்றால், பெரும்பாலும் மென்பொருள் கோளாறுதான். முதலில் முக்கியமான கோப்புகளைப் பென் டிரைவில் காப்பி எடுங்க. பிறகு கடைசியாக நிறுவிய செயலியையோ டிரைவரையோ நீக்கிப் பாருங்க.

4. சேஃப் மோடிலும் ரீஸ்டார்ட் ஆனால், பாகங்களில் சந்தேகம். ஃபேனில் தூசி, ரேம், மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ், பலவீனமான யுபிஎஸ் பேட்டரி ஆகியவற்றைக் கடையில் பார்க்கச் சொல்லுங்க. நம்ம கடலோர ஊரில் உப்புக் காற்றும் ஈரமும் இணைப்புகளை அரிக்கும்.

5. அதே பட்டியலில் 9-ஐ அழுத்தினால், கோளாறு வரும்போது தானாக ரீஸ்டார்ட் ஆவது நிற்கும். நீலத்திரை வந்தால் அதில் இருக்கும் பிழைக் குறியீட்டைச் செல்போனில் படம் எடுங்க. பழுது பார்ப்பவருக்குப் பாதி வேலை மிச்சம்.

இடையில் 48 இலக்க 'பிட்லாக்கர்' எண் கேட்டால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். செல்போனிலேயே உள்நுழைந்து எடுத்துக்கலாம்.

விண்ணப்பம் நிற்க வேண்டாம்

கம்ப்யூட்டர் சரியாகும்வரை காத்திருக்காதீங்க. டிஜிலாக்கரில் கிடைக்கும் சான்றிதழ்களைச் செல்போனில் இறக்கிக்கலாம். பக்கத்தில் உள்ள பொதுச் சேவை மையத்தில் விண்ணப்பத்தை முடிச்சிடலாம். கடையில் கம்ப்யூட்டரைக் கொடுக்கும்போது, "காப்பி எடுக்காம ஃபார்மேட் பண்ண வேண்டாம்" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்க.

ஒரு எச்சரிக்கை: "உங்க கம்ப்யூட்டரில் வைரஸ், நாங்க சரி செய்யறோம்" என்று தானாக அழைப்பவரிடம் ஓடிபியும் சொல்லாதீங்க, அவர் சொல்லும் செயலியையும் நிறுவாதீங்க. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்க.