திரும்ப மறுக்கும் ஸ்டியரிங்: கீரிமலைப் பயணத்தில் படித்த பாடம்



நமது தோட்டங்களில் லொறி, வேன், முச்சக்கரவண்டி ஓட்டுகிறவர்கள் பலர். டவுன் கராஜ்களில் வேலை பழகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்காக இம்முறை ஒரு வாகனப் பாடம். வாகனம் ஓட்டாதவர்களும் படியுங்கள். ஏதோ ஒரு வேனில் ஏறி வளைவு இறங்குகிறவர்கள்தானே நாம் எல்லோரும்!

கீரிமலைக்குப் போன கார்

கீரிமலையில் கடலை ஒட்டியே நன்னீர் ஊற்றும் கேணியும் இருக்கின்றன. தகப்பனை இழந்தவர்கள் ஆடி அமாவாசையன்று அங்கே நீராடிப் பிதிர்க்கடன் செய்வார்கள். 1990இல் போரினால் அந்தப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தார்கள். 2009இல் போர் முடிந்த பின்னர்தான் படிப்படியாகத் திரும்பி வந்தார்கள்.

நாங்கள் மூன்று பேர் பிதிர்க்கடனுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பழைய மொரிஸ் மைனர் வாடகைக் காரில் போனோம். மாவிட்டபுரத்தில் கீரிமலைப் பக்கம் திருப்பும்போது சாரதி ஐயாவின் கை நரம்புகள் புடைத்து நின்றன.

"ஐயா, ஸ்டியரிங் இவ்வளவு இறுக்கமா இருக்கே?" என்று கேட்டோம்.

"வயசு போன கார் தம்பி. பவர் ஸ்டியரிங் பூட்டினாத்தான் சரிவருமெண்டு ஒராள் சொன்னவர். அவ்வளவு காசுக்கு நான் எங்க போறது? வித்துப்போட்டு இருக்கலாமெண்டு யோசிக்கிறன்" என்றார் அவர்.

அந்தக் கார்தான் அவருடைய சோறு. எங்களோடு வந்த தோட்டத்து மெக்கானிக் அண்ணன், "விக்கிறது இருக்கட்டும் ஐயா. முதல்ல எங்க இறுகுதுன்னு பாப்போம்" என்றார். திரும்பும் வழியில் ஒரு கராஜில் இடம் கேட்டுக் காரை நிறுத்தினோம்.

பழைய கார் எப்படித் திரும்புகிறது?

மொரிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த கார். அதில் பவர் ஸ்டியரிங் கிடையாது. விற்பனைக்கு வந்த கார்களில் முதன்முதலாக 1951இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் இம்பீரியல் காரில்தான் அது வந்தது. மைனரில் ஸ்டியரிங் தண்டின் அடியில் ஒரு சிறு பற்சக்கரம் உண்டு. அது ஒரு பல்லுச்சட்டத்தை இடம் வலமாகத் தள்ள, சட்டம் இரு பக்கத் தடிகளால் சில்லுகளைத் திருப்புகிறது. ஒவ்வொரு முன்சில்லும் செங்குத்தான ஒரு ஊசியில் சுழலுகிறது. அந்த ஊசியின் மேலும் கீழும் மரை வெட்டிய கட்டைகள் இருக்கின்றன. அவற்றுக்குக் கிறீஸ் போவது சிறு நிப்பிள் வழியாக.

யாழ்ப்பாணத்தில் 1990களில் பெட்ரோல் தடை இருந்தபோது இப்படிப்பட்ட மொரிஸ், ஒஸ்டின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கையால் கழற்றி, பார்த்து, பூட்டக்கூடிய எளிய கார்கள் என்பதால்தான் இத்தனை காலம் நிலைத்தன.

எங்கே இறுகுகிறது? வரிசையாகப் பாருங்கள்

செலவில்லாததை முதலில் பார்க்க வேண்டும். செலவானதைக் கடைசியில்.

1. டயர் ஆறியிருக்கும்போது காற்றை அளவுங்கள். காற்றுக் குறைந்தாலும், அளவுக்கு மீறி அகலமான டயர் போட்டாலும் ஸ்டியரிங் கனக்கும். அந்தக் காரில் காற்று சரியாகவே இருந்தது.

2. பின்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, உறுதியான தாங்கி கொடுங்கள். ஜக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. இப்போது ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். லேசாக இருந்தால் டயர், சில்லுகளின் கோணம், வாகனத்தின் பாரம் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கார் தூக்கிய பிறகும் இறுக்கமாகவே இருந்தது.

3. இரு பக்கத் தடிகளையும் சில்லிலிருந்து கழற்றிவிட்டுத் திருப்புங்கள். அப்போதும் இறுகினால் பல்லுச்சட்டத்திலோ ஸ்டியரிங் தண்டிலோ பிழை. சட்டத்தின் ரப்பர் உறை கிழிந்து, ஒயில் வடிந்து, தூசி போயிருக்கலாம். அந்தக் காரில் ஸ்டியரிங் ஒரு விரலால் திரும்பியது. ஆகவே பிழை சில்லுப் பக்கம்.

4. ஒவ்வொரு சில்லையும் கையால் திருப்பிப் பாருங்கள். இடது சில்லு சுகமாகத் திரும்பியது. வலது சில்லு முரண்டு பிடித்தது.

வலது பக்கத்துக் கீழ் நிப்பிள் துருவும் பெயின்ட்டும் அடைத்துக் கிடந்தது. கிறீஸ் அடித்தவர் நிப்பிளில் வைத்து அழுத்தியிருப்பார். உள்ளே ஒரு சொட்டும் போகவில்லை. கடற்காற்றின் உப்பும் தன் வேலையைச் செய்திருக்கும். நிப்பிளைக் கழற்றிச் சுத்தம் செய்து, சில்லு தூக்கிய நிலையிலேயே புதுக் கிறீஸ் வெளியே பிதுங்கும்வரை அடித்தோம். சில்லு லேசாகியது. ஐயாவின் முகத்தில் சந்தோஷம்.

லேசானதும் வேலை முடியவில்லை

மெக்கானிக் அண்ணன் சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். 'டக் டக்' என்று ஆட்டம். கிறீஸ் இல்லாமல் ஓடியதில் கீழ்க் கட்டையின் மரை தேய்ந்திருந்தது. மைனரில் இந்த மரை கழன்றால் ஓடும்போதே முன்சில்லு மடிந்து கார் விழுந்துவிடும்.

"ஐயா, கட்டையும் ஊசியும் மாத்துற வரைக்கும் ஆள் ஏத்தாதீங்க" என்று சொல்லி, நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம்.

தோழர்களே, இதை யோசியுங்கள். கடன் பட்டு அந்தக் காருக்குப் பவர் ஸ்டியரிங் பூட்டியிருந்தால் இறுக்கம் தெரியாமல் போயிருக்கும். தேய்ந்த மரை மட்டும் உள்ளே அப்படியே இருந்திருக்கும். ஸ்டியரிங் இறுகுவது வாகனம் நமக்குச் சொல்லும் சேதி. அதை அமுக்கிவிடாமல், எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும்.

பவர் ஸ்டியரிங் உள்ள வேன், லொறிக்கு

இவற்றில் பெரும்பாலும் இன்ஜின் ஒரு பம்பைச் சுழற்றுகிறது. பம்ப் ஒயிலை அழுத்தி நம் கைக்கு உதவுகிறது.

• முதலில் ஒயில் மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் எங்கே ஒழுகுகிறது என்று தேடுங்கள். பிரேக் ஒயிலை ஊற்றாதீர்கள், சீல் கெட்டுவிடும்.
• திருப்பும்போது 'கீச்' என்றால் பெல்ட் தளர்ந்திருக்கலாம்.
• ஒயில் நுரைத்து, பம்ப் முனகினால் உள்ளே காற்றுப் புகுந்திருக்கலாம்.
• ஒரு பக்கம் மட்டும் கனத்தால் ஸ்டியரிங் பெட்டிக்குள் இருக்கும் வால்வைச் சந்தேகிக்கலாம்.
• முழுதாக ஒடித்த நிலையில் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டாம், பம்ப் சூடேறும்.

டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் இன்ஜினை நிறுத்துகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்யவே செய்யாதீர்கள். பம்ப் நின்றால் ஸ்டியரிங் கனக்கும், பிரேக்கின் உதவியும் குறையும். சாவியை முழுதாகத் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். இன்ஜின் தானாக நின்றுவிட்டால் பதறாதீர்கள். இரு கையாலும் பலமாகத் திருப்பினால் சில்லு திரும்பும். பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்தி ஓரத்தில் நிறுத்துங்கள்.

சிந்திக்கச் சில கேள்விகள்

1. முன்பக்கத்தைத் தூக்கியதும் ஸ்டியரிங் லேசாகிறது. அடுத்து எதைப் பார்ப்பீர்கள்?
2. கிறீஸ் அடித்ததும் இறுக்கம் போய்விட்டது. ஏன் சில்லை ஆட்டியும் பார்க்க வேண்டும்?
3. உங்கள் தோட்டத்து வாகனத்துக்குக் கடைசியாக எப்போது கிறீஸ் அடித்தார்கள்?

மூன்றாவது கேள்வியைச் சாரதியிடம் நேரிலேயே கேளுங்கள். அவர் கோபிக்க மாட்டார். அதே வண்டியில்தான் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.